சொல்லின் கதை: ஆரல்

தென் கொல்கத்தாவில் வாழும் அன்னையார் ஒருவர் எழுதிய மடல் இம்மாதப் பகுதிக்குப் பொருள் தந்துள்ளது. மீன் ஒன்றின் பெயரைப் பற்றிய மடல் அது. மீனைத் தொடாத குடும்பத்தாரும் இவ்வேட்டின் வாசகர்களாக உள்ளனர் என்பதை அறிவேன். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். மீனில் தொடங்கும் பேச்சு விரைவில் சொல்லுக்கு வந்து சேரும்.

அன்னையாரின் மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். வாரம் ஆறு நாளும் வங்கமும் ஆங்கிலமும். ஞாயிறன்று மட்டும் தமிழ் வகுப்பு. கடைத்தெருவிற் காணும் பொருள்களின் வங்கப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் எதிரெதிரே எழுதி வருமாறு ஆசிரியை பணித்தாராம். சிங்ரி என்பதற்கு இறால் என்றும், ஷோல் என்பதற்கு விரால் என்றும், கோய் என்பதற்குப் பனையேறிக் கெண்டை என்றும் சிறுமி தடையின்றி எழுதிவிட்டாள். பாம்பு போல நீண்டு கிடக்கும் 'பான் மாச்' என்ற மீனுக்கு வந்தபோது வழக்கு எழுந்தது. திருநெல்வேலிப் பக்கத்தவரான அன்னையார் ஆங்கில அகராதியைப் புரட்டி, விலாங்கு என்று எழுதச் சொன்னார். காவிரியின் கடைமடையிற் பிறந்த மாமியாரோ, "அது விலாங்கு இல்லையம்மா, ஆரல்" என்றாராம். சிறுமி ஆரல் என்ற சொல்லைத் தேடிப் பார்த்தாள். முதலிற் கண்ட பொருள் கார்த்திகை நட்சத்திரம் என்பது. "பாட்டி மீனைக் கேட்டால் வானத்தைக் காட்டுகிறார்" என்று சொல்லிச் சிரித்தாள். வீட்டிலுள்ளோரும் உடன் சிரித்தனர்.

மடலின் இறுதியில் அன்னையார் எழுதியிருக்கும் செய்தியே என்னை இதனை எழுதத் தூண்டியது. அன்று முதல் மாமியார் எந்தப் பொருளின் பெயரையும் சொல்வதில்லையாம். பேத்தி எதைக் காட்டிக் கேட்டாலும், "உன் அம்மாவைக் கேள், எனக்கு மறதி" என்று விலகிவிடுகிறாராம். "யார் சொன்னது சரி என்று தாங்கள் எழுதினால் அவருக்குப் படித்துக் காட்டுவேன், நான் தவறென்றாலும் வருந்தேன்" என்று அன்னையார் முடித்துள்ளார். இவ்வளவு செம்மையான உள்ளம் உடையவருக்கு விடையைத் தாழ்த்துதல் முறையன்று. அம்மையே, தங்கள் மாமியார் சொன்னதே சரி. சிறுமி கண்ட நட்சத்திரமும் பொய்யன்று. அதற்குப் பின்னர் வருவேன்.

முதலில் மீனைப் பார்ப்போம். நீண்டு வழவழப்பாய் நெளிவனவெல்லாம் ஒரே இனம் என்று நகரத்தில் வாழும் நாம் எண்ணிவிடுகிறோம். விலாங்கின் முதுகுத் துடுப்பு பின்னோக்கி ஓடி, வாலைச் சுற்றி, வயிற்றுப் புறத்துத் துடுப்போடு ஒன்றாய் இணைந்து, உடலுக்கு விளிம்பு கட்டியது போல் அமைந்திருக்கும். உடம்பெங்கும் முள் ஒன்றேனும் வெளியே நீட்டிக்கொண்டிராது. ஆரலோ மூக்கு நீண்ட மீன். மேலுதட்டின் முனை சதைப்பற்றுடன் நீண்டு, துதிக்கை போல அசையும். நீரடி மணலில் உடலைப் புதைத்து, அம்மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு பகலைக் கழிப்பது அதன் இயல்பு. முதுகின் முற்பாதியில் துடுப்புக்குப் பதிலாகத் தனித்தனி முட்கள், ஏறத்தாழ 20, வரிசையாய் நிற்கும். மீன் அமைதியாய் இருக்கும்போது அவை மடங்கிக் கிடக்கும். தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் கைக்குத் தெரியாது. வாலிலிருந்து தலையை நோக்கித் தடவியவர் பின்பு மறக்கமாட்டார். பிடித்த கையில் பின்னோக்கி நெளிந்து குத்துவது அதன் தற்காப்பு. ஆரல் ஆயும் பெண்டிர் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அதனைப் பிடிப்பது வழுக்கலுக்காக மட்டும் என்று கொள்ளவேண்டா.

உள்ளுறவிலும் இரண்டும் வெகு தொலைவு. இன்றைய விலங்கியலார் விலாங்கைத் தனி வரிசையிலும் ஆரலை வேறு வரிசையிலும் வைத்துள்ளனர். ஆரலுக்கு நெருங்கிய உறவு வங்கத்தில் குச்சியா என்று விற்கும் சேற்றுமீன். அதற்கு அடுத்த உறவு, சிறுமி முன்னரே எழுதி முடித்த விராலும் பனையேறிக் கெண்டையும். விலாங்கு அவ்வுறவில் எங்கோ வெளியே நிற்கிறது. வாழ்க்கை முறையும் வேறு. விலாங்கு கடலிற் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாய் ஆற்று முகத்தில் ஏறி, ஆண்டுகள் பல நன்னீரில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் மீண்டும் கடலுக்குச் சென்று மடிவது. ஆரல் பிறந்த நீரிலேயே வளர்ந்து பெருகும். நம் சங்கத்து அன்பர்கள் இவ்விரண்டனுள் எவ்வினம் என்று என்னைக் கேளாதீர்கள்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆரல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஆர் என்பது பழந்தமிழிற் பல பொருள் தாங்கும் சொல். அவற்றுள் ஒன்று தேர்ச்சக்கரத்தின் நடுவிலிருந்து விறைத்து நிற்கும் குச்சி. ஆரக்கால் என்று இன்றும் வண்டித் தச்சர் வழங்குவது அதுவே. வடமொழியிலும் சக்கரத்தின் குச்சி அர என்றும், தோல் தைப்போர் கையூசி ஆரா என்றும் வழங்கும். இரு மொழிகளுள் எது எதற்குக் கடன் கொடுத்தது என்ற வழக்கினுள் நான் புகேன். இரண்டிலும் விறைப்பும் கூர்மையுமே கருத்து என்பது நமக்குப் போதும். மலையாள நாட்டைப் பாருங்கள். அங்கே ஆர என்றால் சக்கரத்தின் ஆரக்கால். ஆரகன் என்றால் இம்மீன். முதுகில் வரிசையாய் முள் நிறுத்திய மீனுக்கு ஆரகன் என்றும் ஆரல் என்றும் பெயர் அமைந்தது அம்முள்ளை நோக்கியே என்பது என் துணிபு.

மேலைநாட்டு அறிஞர் இவ்வின மீன்களுக்கு இட்ட இலத்தீன் பெயர்களும் இதற்கு வெளிச்சம் தருகின்றன. ஒன்றனை அக்குலியாட்டஸ் என்றனர். முள்ளுடையது என்பது பொருள். மற்றொன்றனை ஆர்மாட்டஸ் என்றனர். படைக்கலம் தாங்கியது என்பது பொருள். இம்மீனைக் கையிலெடுத்தவர் எவராயினும் முதலில் உணர்வது அந்த முள்ளைத்தான். நம் முன்னோர் கையும் அவ்வாறே குத்துப்பட்டிருக்கும்.

இனி நட்சத்திரம். நிகண்டுகள் ஆரல் என்பதற்குக் கார்த்திகை என்று பொருள் கூறுவது உண்மை. நெருப்பு என்ற பொருளும் உண்டு. கார்த்திகைக்குத் தெய்வம் அக்கினி என்பதை நினைத்தால் அவ்விரு பொருளும் ஓரிடத்துப் பிறந்தவை என்பது விளங்கும். தமிழில் நீரில் நீந்துவதும் மீன், வானில் மின்னுவதும் மீன். ஆதலின் 'ஆரல் மீன்' என்ற தொடர் ஒருங்கே இரண்டையும் குறிக்கும். சிறுமியின் சிரிப்புக்கு இந்த இருபொருளே காரணம், பாட்டியின் மறதியன்று.

இங்கே ஒரு வியப்பு உள்ளது. ஆரலின் முதுகுத் துடுப்பின் அடியில், பின்பாதியில், கறுத்த வட்டப் பொட்டுகள் வரிசையாய் அமைந்திருக்கும். ஒவ்வொரு பொட்டையும் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று இருக்கும். வங்கத்தின் கிழக்குப் பகுதியினர் இப்பொட்டுகளைக் கண்டு இம்மீனைத் தாரா பாயிம் என்று அழைக்கின்றனர். தாரா என்பது நட்சத்திரம். வங்காளி நட்சத்திரம் பூண்ட மீன் என்கிறான். தமிழனோ கார்த்திகையின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறான்! இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட எவருக்கும் கை அரிக்கும். எனக்கும் அரித்தது.

ஆயினும் அம்முடிச்சு நில்லாது. தமிழ்நாட்டு ஆறுகளில் கல்லாரல் என்று ஒன்றுண்டு. உருவில் பெரியது, பாறையிடுக்கில் வாழ்வது, முதுகு முட்கள் 30-க்கு மேல். அதன் உடம்பில் நெளிநெளியாய் ஓடும் கோலங்கள் உண்டேயன்றி வளையமிட்ட பொட்டு வரிசை இல்லை. பொட்டு நோக்கி எழுந்த பெயராயின் பொட்டில்லாத மீனுக்கு அது சென்றிருக்க இடமில்லை. முள்ளோ இரண்டுக்கும் பொது. மேலும், மலைபடுகடாத்தில் கார்த்திகை மீன்கூட்டம் முசுண்டைக் கொடியின் வெண்பூக்களுக்கு உவமையாய் வருமிடத்தில் அதன் பெயர் ஆஅல் என்ற வடிவில் உள்ளது. இடையே ரகரம் இல்லை. நீர்வாழ் ஆரலுக்கோ சங்க நூல்களிலேயே ரகரம் உண்டு. ஆகவே வெவ்வேறு வழியாய் வந்த இரண்டு சொற்கள் பிற்காலத்தில் ஒரே உருவம் பெற்றன என்று கொள்வதே பொருந்தும். தாரா பாயிம் என்பது வங்காளி தன் கண்ணாற் கண்டு இட்ட பெயர், அழகிய பெயர், நம் ஆரலோடு அதற்கு உறவில்லை.

ஆரல் என்பதற்கு மதில் என்றும் ஒரு பொருள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக்கு அப்பொருளைக் கூறுவோர் உளர். அவ்வூர் வழியே புகைவண்டியில் வரும் அன்பர்கள் பிள்ளைகளிடம் மீன் கதை சொல்லிவிட வேண்டா.

பழைய நூல்களில் ஆரலைத் தேடுவோர் முதலில் சென்று நிற்கும் இடம் குறுந்தொகையின் 25-ஆம் பாட்டு. கபிலர் பாடியது. தலைவன் யாருமறியாமல் தலைவியை மணந்தான். பின்பு அவன் மறுத்தால் என் செய்வது என்று அவள் கலங்குகிறாள். சான்று சொல்ல அங்கே வேறு எவரும் இல்லை. ஓடும் நீரில் ஆரலைப் பார்த்து நின்ற நாரை ஒன்றே இருந்தது. இப்பாட்டைக் கல்லூரியில் படித்த பலரும் நாரையை நினைவில் வைத்திருப்பர், ஆரலை மறந்திருப்பர். புலவர் எத்தனையோ மீன்களுள் ஆரலைத் தேர்ந்தது ஏன்? கெண்டையும் கயலும் நீரின் மேலே துள்ளித் தம்மைத் தாமே காட்டிக்கொள்பவை. அவற்றுக்காக நாரை இமையாமல் நிற்க வேண்டுவதில்லை. ஆரல் மணலுக்குள் உடம்பை மறைத்து மூக்கு நுனியை மட்டும் வெளியே வைத்திருப்பது. அதனைப் பிடிக்க நினைக்கும் பறவை உலகத்தையே மறந்து ஓரிடத்தில் கண் பதித்து நிற்க வேண்டும். சான்றாக நின்ற ஒரே உயிரும் மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது! தலைவியின் துயரம் முழுவதும் அந்த ஒரு மீன் பெயரில் அடங்கியிருக்கிறது. 'ஒருவகை மீன்' என்று மட்டும் உரை எழுதிச் செல்வோர் பாட்டின் பாதியை நமக்குத் தராமல் போய்விடுகின்றனர்.

நீண்ட மீனுக்குத் தமிழிலுள்ள மூன்றாம் பெயர் மலங்கு. புறநானூற்றின் 61-ஆம் பாட்டில் சோழநாட்டு வயலில் இது பிறழக் காண்கிறோம். மலங்குதல் என்றால் கலங்குதல், நிலைகொள்ளாது அலைதல். ஒன்றும் தெரியாமல் திகைப்பவனை மலங்க மலங்க விழிக்கிறான் என்று இன்றும் சொல்கிறோமல்லவா? அதே சொல்தான். இருந்த இடத்தில் இராமல் நெளிந்து நீரைக் கலக்கும் மீன் மலங்கு எனப் பெற்றது என்று கொள்ளலாம். தெலுங்கிலும் மலுகு என்று இதன் உறவுச் சொல் வழங்குகிறது. மலங்கு தமிழ்ப் பேச்சிலிருந்து பெரும்பாலும் நழுவிவிட்டது. அதன் இடத்தை விலாங்கு எடுத்துக்கொண்டது. "பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு" என்ற பழமொழி ஊர்தோறும் இருப்பதால் விலாங்குக்குப் பெயர் நிலைத்துவிட்டது போலும். பழமொழி இல்லாத மீனுக்கு நகரத்தில் வாழ்வு அரிது.

உலகில் வேறு பல மக்கள் இம்மீன்களைப் பார்த்தவுடன் பாம்பையே நினைத்தனர். இலத்தீனில் அங்குயில்லா என்பது பாம்பைக் குறிக்கும் அங்குயிஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. பாரசீகத்தில் மார்மாஹி, மார் என்றால் பாம்பு, மாஹி என்றால் மீன். கன்னடத்தில் ஹாவு மீனு. அதுவும் பாம்பு மீனே. பெங்களூரு அன்பர்கள் நாள்தோறும் கேட்டிருப்பர். முதற்பார்வைக்குத் தோன்றும் உருவத்தை வைத்து எழுந்த பெயர்கள் இவை. ஆரல் என்ற பெயரோ பிடித்துப் பார்த்தவன் வைத்தது. மலங்கு என்பது நின்று பார்த்தவன் வைத்தது. இவையிரண்டையும் விலாங்கு என்ற ஒரு சொல்லுக்குள் நாம் அடைத்தால் பிழைபடுவது பெயர் மட்டும் அன்று. மீனையே நாம் பார்க்கவில்லை என்றாகும்.

இச்சொல் கடல் கடந்த கதையைச் சொல்லாமல் இப்பகுதியை முடிக்க இயலாது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க் நாட்டினர் கையில் இருந்தது. அங்கு 1706-இல் தொடங்கிய லூத்தரன் சமயப் பணியில் பிற்காலத்துச் சேர்ந்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1771-இல் வந்தவர் 1813-இல் அங்கேயே மறைந்தார். இயற்கைப் பொருள்களைத் திரட்டுவதில் அவருக்குத் தீராத வேட்கை. பெர்லின் நகரில் மார்க்குஸ் எலியேசர் ப்ளாக் என்ற மருத்துவர் உலகத்து மீன்களையெல்லாம் வரைந்து வகைப்படுத்திக்கொண்டிருந்தார். ஜான் தரங்கம்பாடியின் மீன்களை அவருக்கு அனுப்பி வந்தார். நன்றியறிதலாக ப்ளாக் 1793-இல் ஒரு மீன் பேரினத்துக்கு ஜோனியஸ் என்று ஜானின் பெயரையே சூட்டினார். கத்தாழை என்று நாம் உண்ணும் மீன்கள் பல அப்பேரினத்தவை. அவற்றுள் ஒன்றன் சிறப்புப் பெயர் கருத்தா. கருத்த கத்தாழை என்று தமிழர் சொன்னதில் முற்பாதி அது.

ப்ளாக் 1799-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணியைக் கிரேக்கப் புலமையில் வல்ல ஷ்னைடர் என்பவர் நிறைவுசெய்து 1801-இல் நூலாக வெளியிட்டார். அந்நூலில் தரங்கம்பாடியிலிருந்து வந்த முள்முதுகு மீன் ஒன்றுக்கு ரிங்கோப்டெல்லா ஆரல் என்று பெயர் இடப்பட்டுள்ளது. பேரினப் பெயர் பின்னர் மாறியது. இன்று அது மாக்ரோநாதஸ் ஆரல். ஆரல் என்ற பகுதி மட்டும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மாறவில்லை. அறிவியற் பெயரிடும் முறையில் முதலிற் சூட்டிய சிறப்புப் பெயரை விருப்பம்போல் நீக்க இயலாது. ஆதலின் பாகிஸ்தானிலிருந்து மியான்மர் வரை எந்த நாட்டு ஆற்றில் இதனைப் பிடித்தாலும், எந்த மொழியில் ஆய்வுரை எழுதினாலும், ஆரல் என்றே எழுதவேண்டும். கங்கையிற் பிடித்த மீனுக்கும் அதுவே பெயர்.

தரங்கம்பாடியின் செம்படவர் ஒருவரோ மீன் விற்ற பெண்மணி ஒருவரோ, "இதன் பெயர் என்ன?" என்று கேட்ட வெள்ளையருக்கு விடை சொல்லியிருக்க வேண்டும். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் சொன்ன சொல் இருக்கிறது. அன்னையாரின் மாமியார் பிறந்த கடைமடைக்கும் தரங்கம்பாடிக்கும் நெடுந்தொலைவில்லை என்பதைச் சிறுமிக்கு நிலப்படத்தில் காட்டுக.

வங்கச் சொற்களும் இவ்வாறே ஏறியுள்ளன. பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற கும்பினி மருத்துவர் 1822-இல் கங்கை மீன்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். புக்கானன் என்ற பெயரோடு முன்னர்ச் சென்னையிலிருந்து மைசூர், கன்னடம், மலையாளம் வழியே பயணம் செய்து எழுதியவரும் அவரே. குச்சியா, பாங்கால் ஆகிய வங்கப் பெயர்களை அவர் அப்படியே அறிவியற் பெயர்களாக்கினார். பாங்கால் ஆரலின் உடன்பிறப்பான சிறு மீன். பாங்க் என்றால் சேறு. சேற்றில் வாழ்வது பாங்கால். இல்லறத்தார் உலகில் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு தட்சிணேசுவரத்தில் ராமகிருஷ்ண பரமஹம்சர் இம்மீனையே உவமை காட்டினார். சேற்றிலேயே கிடந்தும் மேனியில் சேறு ஒட்டாதது பாங்கால் என்றார். வங்கத்து அன்பர்கள் வீட்டில் அவ்வுரைகளின் தமிழ்ப் பெயர்ப்பு இருப்பின் எடுத்துப் பாருங்கள். அம்மீனை நம்மவர் ஆரல் இனம் என்று அறிந்து படித்தால் உவமை கண்முன் நிற்கும்.

அகராதி பார்ப்போருக்கு ஒரு சொல். ஆரலுக்கு ஆங்கிலத்தில் லாம்ப்ரே என்று பொருளெழுதிய அகராதிகள் உண்டு. அது பொருந்தாது. லாம்ப்ரே என்பது தாடையே இல்லாத, வட்ட வாயால் ஒட்டிக்கொள்ளும் குளிர்நாட்டு உயிர். இந்திய நீர்நிலைகளில் அது இல்லை. அதன் கழுத்தருகே பக்கத்துக்கு ஏழு செவுள் துளைகள் இருப்பதால் கண்ணையும் மூக்குத் துளையையும் சேர்த்து எண்ணி ஜெர்மானியர் அதனை ஒன்பது கண்ணன் என்று பொருள்பட அழைப்பர். நம் ஆரலுக்குக் கண் இரண்டுதான். ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் முள் விலாங்கு என்று பொருள்படும் ஸ்பைனி ஈல் என்ற பெயர் உண்டு, அதனை எழுதலாம்.

சிறுமியின் ஏட்டில் என்ன எழுதுவது? பான் மாச் என்று கடையில் விற்கும் மீனின் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். வாலிலிருந்து தலைப் பக்கமாக, விரலாலன்றி ஓலைத் துண்டாலோ பென்சிலாலோ தடவட்டும். முள் தட்டினால் ஆரல். உருவம் பெரிதாய், பொட்டின்றி நெளிகோடுகளோடு இருந்தால் கல்லாரல். முள் தட்டாமல், துடுப்பு வாலைச் சுற்றி ஓடியிருந்தால் விலாங்கு. கடைக்காரர் சில வேளைகளில் இவையெல்லாவற்றையும் ஒரே பெயரால் விற்பார். எனவே அவ்வரிசைக்கு எதிரே சிறுமி இரண்டு தமிழ்ப் பெயர்களை எழுதினாலும் ஆசிரியை மதிப்பெண் குறைக்கலாகாது. எதை எப்பெயரால் அழைப்பது என்பதைக் கடைக்கு உடன் சென்று காட்டத் தகுந்தவர் வீட்டிலேயே இருக்கிறார்.

மற்ற ஊர்களில் உள்ள அன்பர்களும் தம் கடைத்தெருப் பெயர்களை எழுதியனுப்புக. ஐதராபாத்திலும் விசாகப்பட்டினத்திலும் பொம்மிடாயி என்று விற்று, புளுசு வைத்து உண்பது நம் ஆரல் இனமே. வடநாட்டில் பாம் என்பர். மும்பை அன்பர்கள் மட்டும் சற்றுக் கவனிக்க. அங்கே வாம் என்று கடைகளில் நீண்டு கிடப்பது பெரும்பாலும் கடலிற் பிடித்த விலாங்கினம். முதுகில் முள் இராது. வாயில் பற்கள் மிகக் கூர்மை. அதற்கு எதிரே ஆரல் என்று எழுதற்க.